முப்பத்தெட்டாவது இடத்தில் ஒரு பாட்டு

எங்கள் சின்ன ஈரி நகரத்துக் காதுக்கும் நியூயார்க் காதுக்கும் சம்பந்தமே கிடையாது. அறுபத்தைந்தாம் வருஷத்தில் அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் ஒன்பது ரெக்கார்டு கடைகளுக்குப் போன் போட்டு, எந்தப் பாட்டு அதிகம் விற்கிறது என்று கேட்டு, நாற்பது பாட்டுகளை வரிசைப்படுத்துவது எங்கள் வானொலி நிலையத்தில் என் வேலை. வெள்ளிக்கிழமை அது மஞ்சள் தாளில் அச்சாகிக் கடைகளுக்குப் போகும். அந்த வசந்தத்தில் அக்கார்டியன் வாசித்து ஆடும் ஒரு போல்கா நடனப் பாட்டு எங்கள் ஊரில் ஏழு வாரமாக இரண்டாம் இடத்தில் இருந்தது. நியூயார்க் பத்திரிகை ஒன்று வெளியிடும் தேசியப் பட்டியலின் நூறு இடங்களையும் துழாவினாலும் அது அகப்படாது.

நிகழ்ச்சி இயக்குநர் நார்மன் கெப்லருக்கு அது பெரிய மானப் பிரச்சினை.

“கிளீவ்லாந்துக்காரன் எவனாவது இந்தத் தாளைப் பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பான், டோலரஸ். அக்கார்டியனாம்! ஜூலையிலேர்ந்து நியூயார்க் பத்திரிகையோட பட்டியலையே போட்டுடலாம்னு முதலாளிகிட்ட சொல்லப்போறேன்.”

“அப்ப எனக்கு என்ன வேலை சார்?”

“உனக்கென்ன, கல்யாணம் பண்ணிக்கோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் என் தங்கை பாலீனும் சாப்பிடுவது இந்த வேலையால்தான்.

ஆனால் எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. கடைக்காரர்கள் கல்லாவைப் பார்த்துச் சொல்கிறார்களா, இல்லை சுவரில் குத்தி வைத்த போன வாரத்து மஞ்சள் தாளைப் பார்த்து நாலைந்தை மேலும் கீழுமாக மாற்றிப் படிக்கிறார்களா? தாளைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள் என்றால் நான் செய்வது வெட்டி வேலை. கெப்லர் மேலிருந்த கோபத்தில் அன்றே சோதித்துப் பார்த்தேன். இல்லாத ஒரு பாட்டை முப்பத்தெட்டாவது இடத்தில் டைப் அடித்தேன். தினமும் காலையில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு என் பஸ்ஸைத் தவறவைக்கும் தங்கையின் நினைவாக அதற்கு ‘கதவைத் திற, பாலீன்’ என்று பெயர். மே மாதமாகியும் எங்கள் வாசலைவிட்டு நகராத பனி வாரும் மண்வெட்டிகளின் நினைவாக, அதைப் பாடிய குழுவுக்கு ‘நான்கு மண்வெட்டிகள்’. முதல் இருபது பாட்டுகளைத்தான் ஒலிபரப்புவோம் என்பதால் மாட்டிக்கொள்ளப் பயமில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் போன் கோர்ஸ்கி கடைக்கு.

“பாலீனா? பிச்சுக்கிட்டுப் போகுது, டோலி கண்ணு! பசங்க தொல்லை தாங்கல.”

“எத்தனை வித்தீங்க, மிஸ்டர் கோர்ஸ்கி?”

“எல்லாமே தீந்துபோச்சும்மா.”

ஒன்பதில் ஆறு கடைகளில் தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரர்கள் சொல்வதை எழுதத்தானே எனக்குச் சம்பளம்? எழுதினேன். பாலீன் முப்பத்தொன்றுக்கு வந்தாள், அடுத்த வாரம் இருபத்துநான்குக்கு. எந்த ஊரில் எது ஏறுகிறது என்று வாராவாரம் போனில் கேட்கும் நியூயார்க் பத்திரிகைக்காரருக்கும் நான் பட்டியலை அப்படியே படித்தேன். அடுத்த இதழில் பாலீன் தேசிய அளவில் தொண்ணூற்றுநான்காவது இடம்.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்த வாரம் அவள் இருபதுக்குள் வருவாள், ஒலிபரப்பியாக வேண்டும்.

திங்கட்கிழமை காலை முதலாளி ஹாலரன் வந்தார். காபியும் டோநட்டும் எடுத்துக்கொண்டு நான் அறைக்குள் போனபோது அவர் கையில் அந்த இதழ் இருந்தது.

“இந்த பாலீன் பாட்டு என்னய்யா, நார்மன்? நம்ம ஊர்லேர்ந்து போனதாமே?”

“நாம கண்டுபிடிச்சது சார்!” என்றார் கெப்லர். “நியூயார்க் முழிச்சுக்கறதுக்கு முன்னாடியே நம்ம தாள்ல வந்துடுச்சு. முதல் தடவை கேட்டப்பவே சொன்னேன், இந்தப் பல்லவி எங்கயோ போகப்போகுதுன்னு.”

“அப்புறம் எதுக்கு நம்ம பட்டியலை நிறுத்தணும்னு எனக்குக் கடிதாசி எழுதினே?”

கெப்லர் வாயிலிருந்த டோநட்டை விழுங்க நேரம் எடுத்துக்கொண்டார். “நிறுத்தறதா? சேச்சே. அது வேற யோசனை சார். விட்டுட்டேன்.”

“நல்லது. பாட்டைப் போடு, கேக்கலாம்.”

கெப்லர் என் பக்கம் திரும்பினார். “எடுத்துட்டு வாம்மா.”

“கடைங்கள்ல தீந்துபோச்சு சார்,” என்றேன். “முதல்லயே கேட்டுட்டதா நீங்கதானே சொன்னீங்க? உங்க வீட்லதான் இருக்கணும்.”

கெப்லர் முதலாளி பக்கம் திரும்பினார். “ஆமா சார். என் பொண்டாட்டி அதைத் தரவே மாட்டேங்கறா.”

முதலாளி கிளம்பியதும் கெப்லர் என் மேஜைக்கு ஓடி வந்தார்.

“அந்த ரெக்கார்டு எங்க கிடைக்கும், சொல்லு.”

“அப்படி ஒரு பாட்டே இல்ல சார். நான் டைப் அடிச்சது.”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “பல்லவி நல்லா இருக்குன்னு சொன்னேனே,” என்றார்.

“நானும் கேட்டேன் சார்.”

அதன்பிறகு அவர் என்னிடம் பட்டியலைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ பேசவில்லை. மறுநாள் ஒவ்வொரு கடைக்காரரையும் சுவரிலிருந்து தாளைக் கழற்றச் சொல்லி, கல்லாச் சீட்டைப் படிக்க வைத்தேன். போல்கா முதலிடத்துக்கு வந்தது. பாலீனை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

பஃபலோ, யங்ஸ்டவுன் போன்ற மற்ற ஊர்களில் கடைச் சுவரில் நியூயார்க் பட்டியலைக் குத்தி வைத்து, அதைப் பார்த்துத்தான் படித்தார்கள் போலிருக்கிறது. தேசிய அளவில் அவள் மேலும் இரண்டு வாரம் ஏறி, எழுபத்தொன்றில் நின்றாள்.