ஒன்பதடி ஆகாது

திண்டிவனத்தில் ராயப்பன் பட்டறையில் அன்று இருந்தவர்கள்: மல்லாட்டை மில் மேனேஜர் கோதண்டபாணி, மில் லாரி டிரைவர் அப்பாதுரை, தச்சு வேலை செய்யும் ராயப்பன், அவன் பெண்சாதி சவுரியம்மாள், நான். இரண்டு கட்டைகளின் மேல் ஒரு இலவம் பலகையும் படுத்திருந்தது. எங்கள் எல்லோரையும்விட அது நீளம்.

அங்கே எனக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் அந்த மில்லில் நைட் ஷிப்டில் வேர்க்கடலைத் தோல் உடைக்கும் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யுத்தம் தொடங்கிய மறு வருஷம், மாசியில், ஒரு ராத்திரி மிஷினை ஓடவிட்டு வெளியே நடந்துவிட்டேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பகலில் தகரக் கூரைக்குக் கீழே தூக்கம் வராது. ராத்திரி மிஷின் முன்னால் நின்றால் வரும். இப்படியே போனதில் தலைக்குள் எந்நேரமும் தோல் உடைந்துகொண்டிருந்தது. வேலையை விட்டால் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. படுத்தால் கால் தானாக ஆடியது. எழுந்து ஸ்டேஷன் வரை நடந்து திரும்பி வருவேன்.

பகல் வேலை கிடைத்தால் ராத்திரி மனிதனைப் போலத் தூங்கலாம். மேனேஜரிடம் போய்க் கேட்டேன். இல்லை என்றார். மறுபடியும் போனேன்.

"நீச்சல் தெரியுமாடா சின்னக்கண்ணு?" என்றார்.

கெடாரில் எங்கள் கிணற்றில் பழகியது. தெரியும் என்றேன்.

கோதண்டபாணி வாலிபத்தில் கப்பலில் கிளார்க்காக இருந்தவர். ஹோனலூலூ என்ற ஊரில் கப்பல் நின்றபோது, ஆட்கள் பலகை மேல் நின்றுகொண்டு அலையோடு கரைக்கு வருவதைப் பார்த்திருக்கிறார். இதை மில்லில் சொல்லாத நாள் கிடையாது. நம்பினவனும் கிடையாது. கணக்குப்பிள்ளை ஒரு நாள் முகத்துக்கு நேராகச் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அவருக்கு அதைச் செய்துகாட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது.

"பலகை வெட்டறதுலேருந்து கடல்ல புடிச்சித் தள்ற வரைக்கும் நீ கூட இரு. பலகை தாங்கிச்சின்னா உனக்கு டே ஷிப்ட்" என்றார். அப்பாதுரை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பட்டறையில் மேனேஜர் குடையை ஊன்றிக்கொண்டு விளக்கினார்.

"பங்குனி மாசம் நம்ம கடல்ல அலை முழங்கால் ஒசரந்தான். சின்ன அலைக்குத் தள்ற சக்தி கெடையாது. அதனால பலகை நீட்டா இருக்கணும். குட்டைப் பலகையா இருந்தா அலை அடியில பூந்து போயிடும், பலகை நின்ன எடத்துலயே நிக்கும். ஒம்பது அடி போடு ராயப்பா."

ராயப்பன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். மறுபடியும் செருகிக்கொண்டான்.

"ஒம்பது வெட்ட மாட்டேங்க."

"ஏன்?"

"ஆகாது. மனையடி சாஸ்திரத்துல ஒம்பது ஆயுசைக் கொறைக்கும். பத்து நல்லது. ஆனா இது பத்து வராது. முனையில வெடிப்பு இருக்குது, அதை எடுத்தா ஒம்பதரைதான் நிக்கும். எட்டுக்கு இழுத்துடறேன். எட்டு நெனச்சதை முடிக்கும்."

"நீ வேதக்காரன்தானே?"

"ஞாயித்துக்கெழமை வேதக்காரன். மத்த நாள் தச்சன்."

"ஞாயித்துக்கெழமையும் மாதா கோயில் பக்கம் வர்றதில்ல, பெருமையைப் பாரு" என்றாள் சவுரியம்மாள் இழைப்புச் சுருளைக் கூட்டிக்கொண்டே.

நான் குறுக்கே விழுந்தேன். "அப்ப ஒம்பதரையே இருக்கட்டும்."

"அரை கணக்குல வராது. ஒம்பதைத் தாண்டிட்டா பத்தைத் தொடற வரைக்கும் ஒம்பதுதான்."

"நாம என்ன வீடா கட்டறோம்? கடலுக்கு ஏது மனையடி?"

"மேல ஏறி மனுஷன் நிக்கறானில்ல? கால் பட்டா மனைதான்."

"என் லாரி பதினாலு அடி இருக்குதேப்பா" என்றான் அப்பாதுரை.

"அதான் மாசம் ஒரு தபா வயல்ல எறங்கிக்கினு கெடக்குது."

அப்பாதுரை சிரித்தான். மேனேஜர் சிரிக்கவில்லை. விழுப்புரத்தில் அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அறையையும் அளந்து, ஆகாத கணக்கு வந்த சுவரை இடித்துக் கட்டியவர். அவருடைய அப்பா ஐம்பதில் போனவர். இவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயுசு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. என் பகல் வேலையில் ஒரு அடி போகப் போகிறது.

"சார், சின்ன அலைக்கு நீளம் வேணும்னு இப்பத்தான் நீங்களே சொன்னீங்க. உங்க உடம்புக்கு எட்டு பத்தாது."

"என் உடம்பைப் பத்தி நீ பேசாதே."

"ஹோனலூலூல அளந்தா பாத்தாங்க?"

"அவன் ஊருக்கு அவன் கணக்கு. எட்டு போடு ராயப்பா."

ரம்பம் இறங்கியது. துண்டு கீழே விழுந்ததும் சவுரியம்மாள் அதை எடுத்துக்கொண்டாள்.

"இதுக்கு மனையடி பாக்கலியாக்கா?" என்றேன்.

"இதுல யாரு நிக்கப் போறா? மீன் ஆயறதுக்கு ஒக்காரப் போறேன்" என்றாள்.

முனையைப் படகு மாதிரி வளைத்து இழைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் காயவைத்தான் ராயப்பன். அது காய்கிற நாள் முழுவதும் நான் திண்டிவனத்துக் கடைத்தெருவில் சுற்றினேன். உட்கார்ந்த இடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. மேனேஜரின் தொந்தியையும் எட்டு அடியையும் மனதில் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தேன். எப்படி நிறுத்தினாலும் முழுகியது.

ஞாயிற்றுக்கிழமை லாரியில் போனோம். குயிலாப்பாளையம் தாண்டி, முந்திரித் தோப்புக்கு நடுவே செம்மண்ணில் இறங்கினால் கடல். வலை பிரித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் எங்களைப் பார்த்ததும் வலையை விட்டார்கள். மேனேஜர் அரை நிஜாரும் பனியனுமாக நின்றார். அவர் சொன்னபடியே அலை முழங்கால் உயரம்தான், அதுவும் சோம்பலாக வந்தது.

நான் பலகையைப் பிடித்துக்கொள்ள, அவர் குப்புறப் படுத்தார். பலகையின் பின்பாதி தண்ணீருக்குள் போனது. அலை வந்ததும் தள்ளினேன். அலை அவருக்கு அடியில் புகுந்து கரைக்குப் போனது. அவர் அங்கேயே இருந்தார். கொஞ்சம் முன்னால் நகர்ந்து படுத்தார். இந்தத் தடவை முனை மணலில் குத்தியது. நின்று பார்க்கிறேன் என்று எழுந்தார். பலகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மறுபடி, மறுபடி.

"மேனேஜரு வலை இல்லாமலே மீன் புடிக்கறாரு" என்றான் வலைக்காரன் ஒருத்தன்.

"புடிக்கல, குடிக்கறாரு" என்றான் இன்னொருத்தன்.

மேனேஜர் மூக்கைச் சிந்திக்கொண்டு கரையேறினார். கண் சிவந்திருந்தது.

"பலகையில கோளாறு. எவன் ஏறினாலும் இப்படித்தான். நீ ஏறு, பாக்கலாம்."

நான் விழ வேண்டும் என்று அவர் விரும்பியது எனக்குத் தெரியும். விழுந்தால் பலகை தாங்கவில்லை என்று ஆகும். பகல் வேலை போய்விடும். நின்றால் அவருக்கு அவமானம். எனக்குப் பகல் வேலைதான் வேண்டும்.

படுத்தேன். தண்ணீர் பலகையின் மேல் ஏறவே இல்லை. எனக்குத் திறமை என்று ஒன்றும் கிடையாது. நைட் ஷிப்டில் காய்ந்து போன உடம்பு, அவ்வளவுதான். அவருக்குக் குட்டையான பலகை எனக்கு நீளமாக இருந்தது. இரண்டு தடவை விழுந்தேன். பிறகு ஒரு அலை பின்னால் வந்து பலகையைத் தூக்கியதைக் காலில் உணர்ந்தேன். எழுந்து நின்றேன்.

கரை என்னை நோக்கி வந்தது. என் கால் ஆடவில்லை. தலைக்குள் மிஷின் இல்லை. பலகை மணலில் உரசி நின்றதும் எல்லாம் திரும்பி வந்தது.

வலைக்காரர்கள் விசில் அடித்தார்கள். மேனேஜர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் துவட்டினார்.

"தாங்குதே சார்" என்றான் அப்பாதுரை. "பலகை தாங்கிச்சின்னா டே ஷிப்ட்னு சொன்னீங்களே."

மேனேஜர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பலகையைக் கையால் தட்டினார்.

"பலகை நல்ல பலகை. எட்டு சரியான கணக்குதான். ராயப்பன் பொய் சொல்லல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "காலைல வா. பகல் வேலைதானே கேட்டே" என்றார்.

அன்று ராத்திரியும் நான் தூங்கவில்லை.

காலையில் போனேன். மேனேஜரே வாசலில் நின்று, மிஷின் கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். எண்ணெய் கிடங்கு. ஜன்னல் இல்லை. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் முகம் அளவு ஒரு துவாரம். டின் கேட்டு வருகிறவனுக்கு அது வழியாகத்தான் கொடுக்க வேண்டும். உள்ளே ஒரு லாந்தர் எரிந்துகொண்டிருந்தது. சுவர் ஓரமாக அந்தப் பலகை சாய்ந்து நின்றது, முனையில் மணல் ஒட்டியபடி.

"யுத்த சமயம். எண்ணெய் திருட்டுப் போவுது. அதனால உள்ள இருக்கறவனை வச்சி வெளியேருந்து பூட்டிடறது. சாப்பாட்டுக்குத் தொறப்பாங்க, அப்புறம் பொழுது சாய."

"சார், இங்க பகலே வராதே" என்றேன்.

"கடியாரத்தைப் பாரு. மணி என்ன?"

"எட்டு."

"எட்டு நல்ல கணக்கு. உள்ள போ."

போனேன். இல்லையென்றால் ஸ்டேஷன் வரை நடந்து திரும்ப வேண்டியதுதான். கதவு எனக்குப் பின்னால் சாத்தப்பட்டது. தாழ் விழுந்தது, சாவி இரண்டு சுற்று சுற்றியது. பிறகு அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.