ஒன்றேகால் வரைக்கும்

காலை ஐந்தேகாலுக்குச் செல்லதுரை தன் மனைவி நீலாம்பாளின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். பழைய வேட்டியில் கிழித்த துணி. முடிச்சு இறுகவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார். தலைமாட்டில் மகள் எழில்மொழி அம்மாவின் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"அழுவாத பாப்பா."

"சத்தம் வரலல்லப்பா?"

"அதத்தான் சொல்றேன். சத்தம் மட்டும் வேணாம்."

அன்று பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை. நீலாம்பாளிடம் ட்யூஷன் படிக்கிற பிள்ளைகள் குடவாசலில் பரீட்சை எழுதப் போகிற வழியில் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் மினி பஸ் ஏறுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். பரீட்சை முடிய மத்தியானம் ஒன்றேகால் ஆகும். அதுவரைக்கும் இந்தச் சாவு வெளியே தெரியக் கூடாது.

நீலாம்பாளே சொன்னது அது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வயிற்றுக் கட்டிக்கு இனி மருந்து இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஜன்னலோரம் கட்டில் போடச் சொன்னாள். படுத்துக்கொண்டே ட்யூஷன் எடுத்தாள். போன வாரம் கஞ்சி கொடுக்கும்போது, "கணக்கு முடியட்டும்னு பாக்குறேன்" என்றாள்.

"அது என்ன உன் இஷ்டமா?"

"இல்லதான். ஒருவேள முந்திட்டேன்னா, ஒன்னேகால் வரைக்கும் ராமாயிய அழ விடாதீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். செல்லதுரையும் சிரித்தார். வலி இல்லாத நாள் அது.

ராமாயி அடுத்த வீடு. அவள் அழுதால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உளுந்து பிடுங்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆறு மணிக்குப் பால் கொண்டுவந்தவள் கொல்லைக் கதவில் நின்று கட்டிலைப் பார்த்தாள். செம்பு கையிலிருந்து நழுவுவதற்குள் செல்லதுரை வாங்கிக்கொண்டார்.

"ராமாயி, வாயத் தொறக்காத."

"என்னண்ணே சொல்றீங்க?"

"புள்ளைங்க பரீட்சைக்குப் போவணும். அவ சொல்லிட்டுப் போயிருக்கா."

ராமாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள்.

"என்னால முடியாதுண்ணே. தொண்டையில வந்து நிக்குது."

"முழுங்கு."

"என்னத்த முழுங்குறது? சோறா?"

"வெத்தல இருக்கா?"

இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். நாலு வெற்றிலையை மடித்து ஒன்றாக வாயில் திணித்தாள். கன்னம் இரண்டும் புடைத்தன. கண்ணிலிருந்து மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

எழில்மொழி போனில் சொந்தக்காரர்களுக்குச் சொன்னாள். எல்லோரிடமும் ஒரே வாக்கியம்: ஒன்றேகாலுக்கு மேல் வாருங்கள். குளிர்பெட்டிக்காரரிடம் பத்து மணிக்குக் கொல்லை வழியாக வரச் சொன்னாள். பிறகு போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"பலகை?"

செல்லதுரைக்கு அது நினைவில் இல்லை.

நீலாம்பாள் பி.எஸ்சி. கணிதம். வேலைக்கு எழுதிப் போட்டுப் போட்டு அலுத்தவள். மாட்டை விற்ற வருஷம் கொட்டகையில் கரும்பலகை வந்தது. அன்றிலிருந்து அந்தப் பலகையில் அவள் ஒரு கணக்கையும் சரியாகப் போட்டதில்லை. முதல் வரியிலிருந்து விடை வரைக்கும் நிறுத்தி எழுதுவாள். நடுவில் எங்கேயோ ஒரு தப்பு இருக்கும். பிள்ளைகள் அதைத் தேட வேண்டும். கண்டுபிடித்த பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. எழுந்து போய் அடிபம்புப் பக்கம் நிற்க வேண்டும். கடைசிப் பிள்ளையும் பம்படிக்கு வந்த பிறகுதான் பேச்சு. சில நாள் இருட்டிவிடும். நீலாம்பாள் அவசரப்படுத்த மாட்டாள். முறத்தில் உளுந்தைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

ஒரு பிள்ளையின் அப்பா சண்டைக்கே வந்திருக்கிறார்.

"தப்புத் தப்பாப் போட்டுக் காட்டுறீங்களாமே டீச்சர். சரியாப் போடத் தெரியுமா, தெரியாதா?"

"சரியாப் போட்டதுதான் புத்தகத்துலயே இருக்கே" என்றாள் நீலாம்பாள். "அதுக்கு எதுக்கு என்கிட்ட அனுப்புறீங்க?"

பெற்ற மகளுக்கு அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. உன்னிடம் எனக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார வராது என்று எழில்மொழியைக் குடவாசலில் வேறொரு வாத்தியாரிடம் அனுப்பினாள். எழில்மொழி இப்போது சென்னையில் பேங்கில் ஆபீசர். பரீட்சை நாளிலும் பலகையில் கணக்கு இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பலகை வெறுமையாக இருந்தால் பிள்ளைகள் காரணம் கேட்பார்கள் என்பதும் தெரியும்.

கொட்டகையில் நின்று சுண்ணக்கட்டியை உருட்டினாள்.

"அம்மா எழுத்து உனக்கு வருமா?" என்றார் செல்லதுரை.

"எழுத்து வரும். தப்புதான் வரணும்."

இருபடிச் சமன்பாடு ஒன்றை எழுதத் தொடங்கினாள். அம்மாவைப் போலவே எண்களுக்கு மேல்கோடு இழுத்தாள். கடைசி இரண்டு வரி இருக்கும்போது போன் அடித்தது. குளிர்பெட்டிக்காரர் வழி கேட்டார். பெருமாள் கோயில், அரிசி மில், வளைவில் வைக்கோல் போர் என்று சொல்லிக்கொண்டே மிச்சத்தை எழுதி முடித்தாள். கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினாள்.

பிள்ளைகள் எட்டரைக்கு வந்தார்கள். சீருடை, பலர் நெற்றியில் திருநீறு, கையில் அட்டை. நீலாம்பாளின் சட்டப்படி ஒருவரிடமும் புத்தகம் இல்லை. பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"தாத்தா, டீச்சர் எங்க?"

"ராத்திரி மருந்து குடுத்துருக்கு. தூங்குறா."

சொல்வது சுலபமாக இருந்தது. அதுதான் அவருக்கு ஆச்சரியம்.

பிள்ளைகள் பலகையைப் பார்த்தார்கள். வழக்கமாக முதலில் எழுந்திருப்பவள் ஹஃப்ஸா. பம்படியில் அதிக நேரம் நின்று கால் கடுத்தவள் அவள்தான். வழக்கமாகக் கடைசியில் எழுந்திருப்பவள் பூவிழி. அரையாண்டில் விடைத்தாளில் பாதியை வெள்ளையாகக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளை. அவள் பாஸ் பண்ணினால் போதும் என்று நீலாம்பாள் ராத்திரியில்கூட முனகியிருக்கிறாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஹஃப்ஸாவும் எழுந்திருக்கவில்லை. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மேலிருந்து கீழே வந்தாள். மறுபடி மேலிருந்து வந்தாள். கீழிருந்து மேலே போனாள். பிறகு பலகையை விட்டுவிட்டாள். சாத்திய ஜன்னலைப் பார்த்தாள். கொல்லை நடையில் கன்னம் புடைக்க நின்ற ராமாயியைப் பார்த்தாள். கடைசியில் செல்லதுரையைப் பார்த்தாள். அவர் துண்டை எடுத்து உதறினார்.

ஹஃப்ஸா எழுந்து பம்படிக்குப் போய் நின்றாள்.

"கண்டுபிடிச்சிட்டாடி" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் இன்னும் குனிந்து பார்த்தார்கள்.

பூவிழி எழுந்தாள். பம்படிக்குப் போகவில்லை. ஜன்னல் பக்கம் நடந்தாள்.

"எனக்குத் தெரியல தாத்தா. ஒன்னுமே தெரியல. ஒரு தடவ டீச்சரப் பாத்துட்டுப் போறேன்."

"தூங்குறாம்மா."

"எழுப்ப மாட்டேன். சும்மா பாக்குறேன்."

"காத்து ஆவலன்னு சாத்திருக்கு."

"கொஞ்சமாத் தொறங்க. கைய வச்சு மறைச்சுக்குறேன்."

செல்லதுரை ஜன்னலுக்கு முன்னால் நின்றார். பூவிழியின் கை கம்பியைப் பிடித்தது.

"அதுல தப்பே இல்லடி."

பம்படியிலிருந்து ஹஃப்ஸா.

பூவிழி திரும்பினாள். "நீ பேசக் கூடாது. பம்புல நிக்கிற."

"இன்னிக்குப் பேசலாம். டீச்சர் வேணும்னே சரியாப் போட்ருக்காங்க. பரீட்ச நாள்ல எதுக்குத் தப்பப் பாக்கணும்னு."

"நெசமா?"

"நீயே வரி வரியாப் பாரு."

பூவிழி கம்பியை விட்டாள். பலகைக்கு வந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். நேரம் பிடித்தது. கடைசி வரிக்கு வந்ததும் முகம் மலர்ந்தது.

"அப்ப எனக்குத் தெரியாம இல்ல. இல்லாததுனாலதான் தெரியல."

"ஆமா தாயே. நேரமாச்சு, கெளம்பு" என்றாள் ஹஃப்ஸா.

பூவிழி அண்ணனின் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்; அதிலேயே கிளம்பினாள். மற்றவர்கள் பஸ்ஸுக்கு நடந்தார்கள். ஹஃப்ஸா ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி பின்தங்கினாள். எல்லோரும் வளைவு திரும்பியதும் நிமிர்ந்தாள்.

"தாத்தா, நாங்க வர்றதுக்குள்ள எடுத்துற மாட்டீங்கல்ல?"

செல்லதுரை தலையை ஆட்டினார். அவள் முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

எழில்மொழி வெளியே வந்து பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, நான் தப்பு வைக்கவே இல்ல."

"ம்."

"கடைசி வரியில வைக்கணும்னு இருந்தேன். அந்த ஆளு போன் பண்ணிட்டாரு."

"வுடு பாப்பா."

"பம்புல நின்ன பொண்ணு பரீட்ச எழுதுமா இனிமே? நான்தான் கெடுத்துட்டேன்."

செல்லதுரை யோசித்தார். பம்படியில் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு நின்ற பிள்ளை.

"எழுதும்" என்றார்.

குளிர்பெட்டி கொல்லை வழியாக வந்தது. அதன் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் செழியன் வந்தான். நீலாம்பாளின் தம்பி. திருவாரூரில் உர வியாபாரம். ஒன்றேகால் என்று சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்காவைப் பார்த்து அழுது முடித்தவன் வெளியே வந்து சுற்றிலும் பார்த்தான்.

"பந்தல் இல்ல, மேளம் இல்ல. என்ன மாமா இது? எங்க அக்கா என்ன அநாதையா?"

"மெதுவாப் பேசு மாப்ள."

"ஏன் மெதுவாப் பேசணும்? சாவ மறைக்கிற வூடு எங்கயாச்சும் உண்டா? ஊரு காறித் துப்பும். மேளக்காரனுக்கு நான் சொல்றேன்." போனை எடுத்தான்.

"புள்ளைங்க பரீட்ச எழுதுதுங்க."

"குடவாசல்ல எழுதுதுங்க. இங்க அடிச்சா அங்க கேக்குமா?"

"மேளம் கேக்காது. சேதி போவும். போன்ல போட்டா கேட்டுக்கு வெளிய நிக்கிற அப்பன் ஆத்தாவுக்குப் போவும். அங்கேருந்து உள்ள போவ எவ்ளோ நேரம்? சொன்னது நான் இல்ல மாப்ள. உங்க அக்கா."

செழியனின் கட்டைவிரல் போன் மேல் நின்றது. நீலாம்பாளின் முதல் மாணவன் அவன்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயிலாகி வீட்டில் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தவனை மாட்டுக்கு முன்னால் உட்கார வைத்துத்தான் அவள் ஆரம்பித்தாள். மூன்றாம் தடவை தேறினான்.

போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"எத்தன மணிக்கு முடியுது?"

"ஒன்னேகால்."

"நான் எழுதுனப்பவும் இதே ஒன்னேகால்தான்" என்றான். கொட்டகையில் போய்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் உதடும் அசையத் தொடங்கியது. பார்த்த எழில்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, அதுல ஒன்னும் இல்ல, எழுந்திரிங்க" என்றாள்.

செல்லதுரை உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வீடு அமைதியாக இருந்தது. சாவு வீட்டில் இப்படி உட்கார வாய்க்காது. யாராவது கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். இன்று அவளும் அவரும்தான். பரீட்சை நாளில் மட்டும் அவள் இந்த நேரத்துக்குச் சும்மா உட்காருவாள். இருவரும் காப்பி குடிப்பார்கள். பேச மாட்டார்கள். இப்போதும் பேச ஒன்றும் இருக்கவில்லை. வெயில் ஓட்டுச் சந்தில் இறங்கித் தரையில் நகர்ந்தது.

ஒரு மணிக்குப் பந்தல் ஏறியது. ஒன்றேகால் ஆனதும் சேதி போனது. கம்பு ஊன்றிக் கீற்று இழுப்பதற்குள் தெரு நிறைந்துவிட்டது. மேளக்காரர்கள் பந்தலுக்கு வெளியே நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சினார்கள். ராமாயி வாய்க்காலோரம் போய் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மணி ஆச்சாண்ணே?"

"ஆச்சு. புள்ளைங்க வந்துரட்டும்."

மினி பஸ் வளைவில் நின்றது. பிள்ளைகள் வரிசையாக இறங்கி வந்தார்கள். ஹஃப்ஸா பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள். ஒருவர் கையிலும் கேள்வித்தாள் தெரியவில்லை. மடித்துப் பைக்குள் வைத்திருந்தார்கள். பந்தலுக்குள் வந்ததும் எப்படி நிற்பது என்று தெரியாமல் பம்படிப் பக்கம் போய் நின்றார்கள்.

செல்லதுரை எண்ணிப் பார்க்கவில்லை. பார்த்த உடனே தெரிந்தது.

"பூவிழி எங்கம்மா?"

"சைக்கிள்ல வர்றா தாத்தா" என்றாள் ஹஃப்ஸா. "எங்களுக்கு முன்னாடியே கெளம்பிட்டா. அவகிட்ட மட்டும் சொல்ல முடியல."

ராமாயி நெஞ்சில் கையை வைத்து வாயைத் திறந்தாள். மேளக்காரர் குச்சியைத் தூக்கினார். செல்லதுரை எழுந்து பந்தலின் நடுவில் வந்து இரண்டு கையையும் உயர்த்தினார். ராமாயி வாயை மூடினாள். குச்சி கீழே இறங்கியது. ஊர் மொத்தமும் ஏன் என்று தெரியாமல் அவரையே பார்த்தது.

வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. வளைவு திரும்பும் முன்பே குரல் வந்துவிட்டது.

"டீச்சர்! நான் அடிஷனல் ஷீட் வாங்குனேன் டீச்சர்!"