முகம் வரையாத லேபிள்

உடம்பு இருந்தது. தலை இல்லை.

சிவகாசியில் ஜெயச்சந்திரன் அச்சாபீஸின் மாடி அறை. மேஜை மேல் அது கிடந்தது. சிவப்புப் பனியன், நீலக் கால்சட்டை, தரையை விட்டு எம்பிய கால்கள், மேலே நீண்ட இரண்டு கைகள், கைகளுக்கு நடுவே பொறி பறக்கும் ஒரு பந்து. கழுத்துக்கு மேலே மட்டும் வெறும் வெள்ளைக் காகிதம்.

'சாம்பியன் மார்க்' அணுகுண்டு வெடிக்கான லேபிள். 1962 தீபாவளிக்கு வடக்கே போக வேண்டிய சரக்கு.

"அஞ்சு மணிக்கு பிளேட்டு போட்டாகணும் மொதலாளி," என்றார் ஓவியர் பெத்தணன். "யார் தலைன்னு சொல்லிட்டீகன்னா வரைஞ்சிருவேன். உடம்பு வரைஞ்சு நாலு நாளாச்சு."

பட்டாசுக் கம்பெனிக்கும் அச்சாபீஸுக்கும் முதலாளியான ஜெயச்சந்திரன், எதிரே உட்கார்ந்திருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கூடைப்பந்து என்றால் பைத்தியம். விருதுநகர் மைதானத்தில் ஆடியவர்களிலேயே பெரிய ஆட்டக்காரன் எவனோ, அவன் முகம்தான் லேபிளில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். சொன்னது சுலபம். எவன் என்பதில்தான் ஊர் இரண்டாகிக் கிடந்தது.

இடது நாற்காலியில் ராஜசிங். முப்பத்தாறு வயது, விருதுநகரில் டிரில் மாஸ்டர். ஒரு காலத்தில் சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றின் டீமுக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடியவர். 1953 இறுதி ஆட்டத்தில் தனியாளாக நாற்பத்தொரு பாயிண்ட். கடைசிப் பந்தைப் போட்டுவிட்டு இறங்கும்போது முழங்கால் பிசகியது. அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. விசில் ஊதுவதோடு சரி.

வலது நாற்காலியில் தேவாசீர்வாதம். இருபத்துநாலு வயது. பேருக்கு ஜெயச்சந்திரன் கம்பெனியில் குமாஸ்தா. உண்மையில் சம்பளம் பந்து போடுவதற்கு. போன மாதம் அதே மைதானத்தில் ஐம்பத்திரண்டு பாயிண்ட்.

ஐம்பத்திரண்டு நாற்பத்தொன்றைவிடப் பெரிது. அதோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு.

"கணக்கு அப்படியில்ல," என்றார் ராஜசிங். "நான் ஆடுனது கரிசல் தரை. பந்தைத் தட்டுனா பாதி எம்பும், பாதி மண்ணுக்குள்ள போகும். தம்பிக்கு சிமெண்டுத் தரை, கேன்வாஸ் ஷூ. எனக்குக் காலுல முள்ளு."

"உங்களை மறிக்க வந்தவுக காலுலயும் அதே முள்ளுதானே மாஸ்டர்?"

"ஏலே, அந்த டோர்னமெண்டுல வேற ஒரு பய இருபதைத் தாண்டல," என்றார் ஜெயச்சந்திரன். "இவுக ஒருத்தருதான் நாப்பத்தொண்ணு. அதைக் கணக்குல எடுக்க வேண்டாமா?"

"ஆடத் தெரியாதவுக நடுவுல யார் ஆடுனாலும் அப்படித்தான் மொதலாளி. அதுவும் அந்த வளையத்துல."

தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது. ராஜசிங் மெதுவாகத் திரும்பினார்.

"எந்த வளையத்துல?"

"ஊருக்கே தெரிஞ்சதுதானே. பழைய வளையம் ஒடிஞ்சுபோச்சுன்னு அந்த ஒரு டோர்னமெண்டுக்கு மட்டும் எண்ணெய்ப் பீப்பாயோட இரும்புப் பட்டையைக் கழட்டி மாட்டியிருந்தாக. பீப்பாய் வாய் எம்புட்டு அகலம்? கண்ணை மூடிக்கிட்டு எறிஞ்சாலும் விழும்."

தேவாவுக்கு லேபிளில் ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் குறி வேறு. ராஜசிங்கின் தங்கை ஜெபராணி விருதுநகர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் தேவாவும் ஒருவரையொருவர் விரும்பியது இரண்டு வீட்டுக்கும் தெரியும். தேவாவின் அப்பா போய்ப் பெண் கேட்டார். ராஜசிங் வீட்டில் பதில் சொல்லவில்லை. போன மாதம் பரிசளிப்பு மேடையில், மைக்கைப் பிடித்து, ஊரே கேட்கும்படி சொன்னார்: "என் தங்கச்சியை என்னைவிடப் பெரிய ஆட்டக்காரனுக்குத்தான் கட்டிக் குடுப்பேன்."

ஆக, அந்த வெள்ளைக் காகிதத்தில் தேவாவின் முகம் வந்தால் பெண்ணும் வரும். ராஜசிங்கின் முகம் வந்தால் இரண்டும் இல்லை.

ஜெயச்சந்திரன் மேஜையைத் தட்டினார். "வளையத்தைக் கொண்டு வாலே. ரூல்படி பதினெட்டு அங்குலம். அதுக்கு மேல இருந்தா உன் தலை. இல்லைன்னா மாஸ்டர் தலை. அஞ்சு மணி வரைக்கும் நேரம்."

"அது எங்க கெடக்கோ," என்றார் ராஜசிங். "ஒம்பது வருசமாச்சு. பழைய இரும்புக்குப் போயிருக்கும்."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவருக்கு ஏன் வேர்க்கிறது?

தேவா எழுந்துவிட்டான். இவருக்குத் தெரியும். வளையம் எங்கோ இருக்கிறது.

விருதுநகர் பஸ் பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் அவன் இறங்கியபோது, ஜெபராணி டூட்டி முடிந்து குடையை விரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு என்ன சீக்கு?" என்றாள்.

"எனக்குத்தான். உங்க அண்ணன்கிட்ட இருந்து தொத்திக்கிச்சு." நடந்ததைச் சொன்னான்.

ஜெபராணி குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று குடை ஆடியதில் தெரிந்தது. "ரெண்டு ஆம்பளைக, ஒரு பீப்பாய்ப் பட்டை. இதுல என் கல்யாணம் தொங்குது."

"சிரிக்காதீக. அந்த ஃபைனல் முடிஞ்சதும் வளையம் என்னாச்சு? யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்தாள். "கால்ல கட்டு பிரிச்ச அன்னைக்கு அண்ணன் ஒரு சாக்கைத் தூக்கிக்கிட்டு நொண்டி நொண்டி வெளிய போனாக. உள்ள என்னமோ வட்டமாத் துருத்திக்கிட்டு இருந்துச்சு. என்னன்னு கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்தாக."

"எங்க போனாக?"

"சொல்லல. ஆனா திரும்பி வரும்போது தும்மிக்கிட்டே வந்தாக. தும்மி ஓயல. அம்மா கஷாயம் வச்சுக் குடுத்தாங்க."

தேவா நின்றான். விருதுநகரில் ஒரு மனிதன் எங்கே போய்விட்டு வந்தால் விடாமல் தும்முவான்?

"மிளகாய் வத்தல் கிடங்கு," என்றார்கள் இருவரும்.

"அண்ணனோட சிநேகிதர் அய்யாதுரை அண்ணாச்சி கிடங்கு," என்றாள் ஜெபராணி. "வாங்க. மூக்கைப் பொத்திக்கோங்க."

மிளகாய் வியாபாரி அய்யாதுரை வாசலிலேயே மறித்தார். "வளையமா? இங்கன என்ன வளையம் இருக்கு? தம்பி, இது வத்தல் யாவாரம்."

அவர் தோளுக்குப் பின்னால், கிடங்கின் நடுவில், மலை மாதிரி மிளகாய் குவிந்திருந்தது. பக்கத்தில் இருவர் சாக்கு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சாக்கைப் பிடிக்க வேண்டும், ஒருவர் அள்ளிப் போட வேண்டும். ஆனால் இவர்கள் இருவருமே அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாக்கு தானாக வாயைத் திறந்துகொண்டு நின்றது.

தேவா உள்ளே புகுந்தான். ஒரு தும்மல். இரண்டு. சாக்கின் விளிம்பைப் பிரித்தான். சாக்கின் வாய் ஓர் இரும்பு வளையத்தின் மேல் மடித்து விடப்பட்டிருந்தது. பக்கவாட்டில், பலகையில் முடுக்குவதற்கான இரண்டு ஓட்டைகள்.

அய்யாதுரை தலையைச் சொறிந்தார். "யார்கிட்டயும் காட்டக் கூடாதுன்னு ராஜசிங் சத்தியம் வாங்கிட்டான். சும்மா கெடந்துச்சு, சாக்கு வாய்க்குக் கச்சிதமாச் சேர்ந்துச்சு. இதுல ஒரு ஆள் மிச்சம்."

தேவாவின் காதில் எதுவும் விழவில்லை. வளையத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பதினெட்டு அங்குலம் என்றால் ஒரு முழம். முழங்கையை வளையத்தின் ஒரு விளிம்பில் வைத்துக் கையை நீட்டினான். எதிர் விளிம்பு அவன் உள்ளங்கைக்கு அடியிலேயே நின்றுவிட்டது. விரல் நாலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மறுபடி வைத்துப் பார்த்தான். விரல்கள் உள்ளே வரவில்லை.

பெரிய பீப்பாய் இல்லை. சின்னப் பீப்பாய்.

அய்யாதுரையும் வியாபாரி. ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். "தம்பி, இதை மறுபடி சாக்குக்குள்ள விட்டுருங்க. பழைய இரும்புக்குப் போட்டாச்சுன்னு நான் சொல்லிருதேன். அளக்க வளையமே இல்லைன்னா, அது பெரிசுன்னு ஊர் பேசுறதுதான் நிக்கும். அம்பத்திரெண்டு ஜெயிச்சிரும்."

ஜெபராணி குடையின் காம்பைத் திருகிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

தேவா வளையத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். பந்து போனால் சுற்றிலும் இரண்டு விரல்கடைதான் இடம் மிஞ்சும். கரிசல் தரை. காலில் முள். முன்னால் மறிக்க இரண்டு பேர். மற்றவர்கள் இருபதைத் தாண்டாததற்குக் காரணம் அவர்களுக்கு ஆடத் தெரியாதது இல்லை.

"நாப்பத்தொண்ணு," என்றான். "இதுக்குள்ளயா?"

சிரிக்க ஆரம்பித்தான். மிளகாய் நெடியில் சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்தன. "ஜெபா, இதுக்குள்ள நாப்பத்தொண்ணு போட்டிருக்காக. மனுசனா அவுக? மணி என்ன? பஸ்ஸு எப்ப?"

"கொண்டுபோனா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். ஆனா இதை எப்படி ஒருத்தன்கிட்டயும் சொல்லாம இருக்க?"

ஜெபராணி குடையை மடக்கினாள். "நானும் வாரேன்."

பஸ்ஸில் அவன் பின்பக்கம், அவள் பெண்கள் வரிசை. வழியில் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். கூட்ஸ் வண்டி அசைந்து அசைந்து போயிற்று. தேவா வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பெட்டிகளைத் திட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் தும்மித் தும்மி வேறு சீட்டுக்குப் போனார்.

அஞ்சு அடிக்கும்போது இருவரும் மாடிப்படி ஏறினார்கள்.

வளையத்தைப் பார்த்ததும் ராஜசிங் கண்ணை மூடிக்கொண்டார். பல் பிடுங்கக் காத்திருப்பவரைப் போலக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"அளந்து சொல்லிருங்க," என்றார். "நான் பாக்க மாட்டேன்."

ஜெயச்சந்திரன் மர ஸ்கேலை எடுத்தார். வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"பதினாலு," என்றார்.

ராஜசிங் ஒரு கண்ணைத் திறந்தார். "பதினெட்டுக்கு மேல பதினாலா?"

"மொத்தமே பதினாலு மாஸ்டர்," என்றான் தேவா. மூலையில் கிடந்த கம்பெனிப் பந்தை எடுத்து வளையத்துக்குள் விட்டான். ஒரு பக்கத்து இரும்பில் தட்டி, மறுபக்கம் உரசிக் கீழே விழுந்தது. "நீங்க இத்தனை நாளா ஒளிச்சு வச்சது உங்க சர்டிபிகேட்டை."

ராஜசிங் எழுந்து வந்தார். வளையத்தை இரண்டு கையாலும் வாங்கினார். நெடு நேரம் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் பந்து முட்டி முட்டி வெளிய வந்துச்சு," என்றார். "போட்டதுல பாதிக்கு மேல வெளிய. என் கை சரியில்லைன்னு நெனச்சேன். கை சரியில்லாத அன்னைக்கே நாப்பத்தொண்ணு விழுந்திருக்கு, அப்ப ஊர் சொல்ற மாதிரி வளையம் பெரிசாத்தான் இருக்கணும்னு... யாரும் அளந்துறக் கூடாதேன்னு கொண்டுபோய்க் குடுத்தேன். நானே அளக்கல. பயந்துக்கிட்டு அளக்கல."

ஒன்பது வருடம் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஊர் சுற்றிய மனிதர், அன்றுதான் முதல்முறையாகத் தோளைத் தளர விட்டுச் சிரித்தார்.

"பெத்தணன், மாஸ்டர் தலை," என்றார் ஜெயச்சந்திரன். பெத்தணன் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். தேவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சந்தோஷம் இருந்தது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு, பெண் கைவிட்டுப் போகிறது என்பதும் சேர்ந்துகொண்டது.

"அண்ணே," என்றாள் வாசலில் நின்ற ஜெபராணி. "ஒரு சாண் எம்புங்க பாப்போம்."

"என்னது?"

"மைக்குல சொன்னீகள்ல. என்னைவிடப் பெரிய ஆட்டக்காரன்னு. 1953ல இருந்த அண்ணனைவிடப் பெரிய ஆள் இந்த ஜில்லாவுல கெடையாது, வளையமே சொல்லிருச்சு. ஆனா அந்த அண்ணனுக்கு முப்பத்தாறு வயசு இல்ல, இருபத்தேழு. அவுக மைக்கையும் பிடிக்கல. போன மாசம் பேசுனது நீங்க. இவுகளோட சமமா நிக்க வேண்டாம். ஒரே ஒரு சாண். எம்பிட்டீகன்னா நான் கல்யாணமே வேண்டாம்னு காலமெல்லாம் ஆஸ்பத்திரியிலயே இருந்துக்கிடுதேன்."

ராஜசிங் தன் முழங்காலைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். பார்வை முழங்காலுக்குப் போகும் வழியில் வயிறு குறுக்கே இருந்ததையும் கவனித்தார்.

"சம்பந்தம் பேச உங்க அப்பாவை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுலே," என்றார் தேவாவிடம். "காலையில சர்ச்சு முடிஞ்சதும். சாப்பாடு நம்ம வீட்டுல."

"பதினாலு அங்குலத்துல போட்ட ஆளு தங்கச்சியைக் கட்டிக்கிட எனக்கு என்ன யோக்கியதை?" என்றான் தேவா.

"ஏலே, ரொம்பப் பேசாத. மனசு மாறிருவேன்."

பெத்தணன் தலையைத் தூக்கினார். "மொதலாளி, ஒரு சங்கதி. உடம்பு நான் போன மாசம் மைதானத்துல இந்தத் தம்பி எம்புனதைப் பார்த்து மனசுல வச்சு வரைஞ்சது. கையும் காலும் இவரோடது. தலை மாத்தலாம், உடம்பை மாத்த நேரமில்ல."

எல்லோரும் படத்தைக் குனிந்து பார்த்தார்கள். தேவாவின் கால்கள் தரையை விட்டு எம்பியிருந்தன. கழுத்துக்கு மேல், பென்சில் கோட்டில், ராஜசிங்கின் மீசை முளைத்துக்கொண்டிருந்தது.

"இப்படி ஒருத்தன் ஆடியிருந்தா?" என்றார் ஜெயச்சந்திரன், கிறங்கிப்போய்.

"நூறு," என்றார் ராஜசிங்.

"பதினாலு அங்குலத்துலயா, பதினெட்டுலயா?" என்றான் தேவா.

மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஜெபராணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்தத் தீபாவளிக்கு 'சாம்பியன் மார்க்' வடக்கே இருந்து மறு ஆர்டர் வாங்கியது. கல்யாணத்துக்கு ஜெயச்சந்திரன் ஒரு பெட்டி இனாமாக அனுப்பினார். சர்ச் வாசலில் வெடித்து முடிந்ததும், சிதறிக் கிடந்த லேபிள் ஒன்றை எடுத்து, இது யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மணப்பெண், படத்தின் கழுத்தில் விரலை வைத்துப் பிரித்துக் காட்டினாள்: "இதுக்கு மேல எங்க அண்ணன். இதுக்குக் கீழ எங்க வீட்டுக்காரர்."

அய்யாதுரை மட்டும் மொய் எழுதிவிட்டுத் தேவாவைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த வளையத்தை எப்ப திருப்பித் தருவீக? சாக்குப் பிடிக்க ஆள் நிக்க மாட்டேங்கான். தும்முதான்."