எந்தக் கால் முன்னால்?

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. குத்துச்சண்டைச் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் கேட்டது. சாம்பியனுக்குச் சிலை வைக்கிறோம், திறப்பு விழா மலருக்கு ஏதாவது எழுதுங்கள், நீங்கள் அவருடைய தம்பியாயிற்றே என்றார்.

"பெருமை தூக்கலா இருக்கணும் சார். கடைசியில லேசா கண்ணு கலங்கணும்."

சமையல் குறிப்பு மாதிரி சொன்னார். கட்டுரை என்றால் திருத்துவார்கள். கதை என்றால் கமிட்டியில் யாரும் படிக்க மாட்டார்கள். ஆகவே கதை.

முதல் வரி: "வறுமை என்னும் முதல் எதிராளியை வீழ்த்திவிட்டு மேடையேறிய அந்த வீராங்கனை—"

(இல்லை. எங்கள் அப்பா பல் மருத்துவர். வீட்டில் எதற்கும் குறைவில்லை. அக்கா சண்டை போடத் தொடங்கியபின் எங்கள் தெருவிலிருந்தே அவருக்கு நாலைந்து நோயாளிகள் கூடினார்கள்.)

இரண்டாம் முயற்சி: "பிறக்கும்போதே அவள் விரல்கள் முஷ்டியாக மடங்கி—"

(எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான்.)

2

சரி, நடந்ததையே சொல்கிறேன். அக்கா இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் 'பீச்சாங்கை' என்று கேலி செய்தார்கள். அவள் அழவில்லை, அந்தப் பெயரை எடுத்துத் தனக்கே வைத்துக்கொண்டாள். மேடையில் வலது காலும் வலது கையும் முன்னால் நிற்கும். இடது கை பின்னால், தாடையோரமாக, ஒன்றும் தெரியாத பிள்ளை போல இருக்கும். எதிராளி வலது கையைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது அது வந்துவிட்டுப் போகும். என் மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருப்பது அதனால்தான். [பயிற்சிக்கு நான்தான் கிடைத்தேன்.]

வெளிநாட்டில் நடந்த உலகப் போட்டி. இறுதிச் சண்டை, கடைசி ரவுண்டு. அக்காவுக்குப் புருவம் கிழிந்து ஒரு கண்ணில் ரத்தம். எதிராளி அவளைவிட ஒரு தலை உயரம். இங்கே கிளினிக் டி.வி. முன்னால் அப்பாவும் நோயாளிகளும். இடது கை ஒரே ஒருமுறை போனது. உயரமானவள் உட்கார்ந்துவிட்டாள். வாயில் பஞ்சோடு இருந்தவர்கள் எல்லாம் "பீச்சாங்கை!" என்று கத்தியதில் பஞ்சு பறந்தது. அந்தப் பெயரை வீட்டில் சொன்னாலே முகம் சுளிக்கும் அப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

இந்தப் பத்தியில் எனக்கு ஒரு உவமையும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா?

3

சிலையைப் பார்க்கப் பட்டறைக்குப் போனோம்.

[இங்கே ஒரு விளக்கம். சிற்பிக்கு மாதிரியாகக் கொடுத்தது சங்க அலுவலகத்தில் மாட்டியிருக்கும் படம். அது அக்காவை எடுத்த படமல்ல. பயிற்சிக்கூடத்து நிலைக்கண்ணாடியில் தெரிந்த அக்காவை எடுத்த படம். அவளுக்குப் பின்னால் சுவரில் 'இங்கே எச்சில் துப்பாதீர்' என்ற அறிவிப்பு இடவலம் மாறித் தெரியும். செயலாளர் வருகிற விருந்தினர்களுக்கெல்லாம் அதைச் சுட்டிக்காட்டி, "தங்கம் வாங்கின நாட்டு எழுத்து சார். வெற்றி உண்டாகட்டும்னு அர்த்தம்" என்பார்.]

துணியை விலக்கினார்கள். இடது கால் முன்னால். இடது கை முன்னால். ஒன்பதடி வெண்கலத்தில் அசல் வலது கைக்காரி ஒருத்தி.

அக்கா சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"யாருடா இவ?"

"நீதான்க்கா."

"வலது கை இறங்கிக் கெடக்கு. தாடை தொறந்திருக்கு. முதல் ரவுண்டு தாங்க மாட்டா."

செயலாளர் பலமாகச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்தினார்.

"கை மாறிப்போச்சு சார்" என்றாள் அக்கா.

"ரெண்டுமே உங்க கைதானேம்மா?"

4

சிலையை மாற்ற முடியாது. அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார். செயலாளர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்: சிலை மாற வேண்டாம், சாம்பியன் மாறட்டும்.

"தொறந்ததும் நீங்க பக்கத்துல போய் அதே மாதிரி நின்னுடுங்கம்மா. ஒரு போட்டோ. அப்புறம் எவனும் வாயைத் தொறக்க மாட்டான்."

"நான் அப்படி நின்னதே இல்ல சார்."

"ஒரு நிமிஷம்மா. அப்புறம், பயிற்சிக்கூடத்து அனுமதி வேற இந்த மாசம் கமிட்டிக்கு வருது. எல்லாரும் சந்தோஷமா இருந்தா நல்லது பாருங்க."

கட்டடம் சங்கத்துடையது. அக்காவிடம் கற்கும் பெண்களுக்கு வேறு இடம் கிடையாது. அந்தப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வலது கைக்காரிகள். ஆனாலும் வலது காலை முன்னால் வைத்துத்தான் நிற்பார்கள். அக்கா எவ்வளவு திட்டியும் திருந்தவில்லை. "மாஸ்டர் நிக்கிற மாதிரிதான் நிப்போம்" என்கிறார்களாம். அக்கா இதைக் குறையாகத்தான் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சிலையெல்லாம் எதற்கு என்றிருப்பீர்கள்.

5

முடிவு ஒன்று: அக்கா சிலை போலவே நிற்கிறாள். கூடம் தப்பிக்கிறது. மறுநாள் பெண்கள் எல்லாரும் சத்தமில்லாமல் காலை மாற்றி—

(அடித்துவிட்டேன். மேலே எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: அக்கா சிலைக்குப் பக்கத்தில் போகவில்லை, எதிரே போகிறாள். தன் வலது காலை முன்னால் வைத்து, தன் இடது கையை ஓங்குகிறாள். கைதட்டல். அமைச்சரே எழுந்து நிற்கிறார். "நம்ம ஐடியாதான்" என்கிறார் செயலாளர்.

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"திருப்பி அடிக்க முடியாதவள நான் எப்போடா அடிச்சிருக்கேன்?"

"என்னை அடிச்சியே!"

"உனக்கு ஓடவாவது காலிருந்தது. அது பாவம், பீடத்துல நிக்குது."

"அப்ப என்னதான் செய்யப் போற? நான் கதையை முடிக்கணும்ல."

"சண்டைக்கு முன்னாடி என்ன செய்யப் போறேன்னு யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா? போடா, போய் வேற வேலை இருந்தா பாரு."

6

ஆகவே எனக்குத் தெரியாது. மலர் நாளை அச்சுக்குப் போகிறது. விழா அதற்குப் பிறகு. செயலாளர் இதைப் படிக்கப்போவதில்லை. தன் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பார். நீங்கள் இதுவரை படித்து வந்திருக்கிறீர்கள் என்றால் அமைச்சர் இன்னும் வரவில்லை என்று பொருள்.

வந்ததும் மலரை மூடிவிடுங்கள். சிலையைப் பார்க்க அவசரமில்லை, அது எங்கும் போகாது. அக்கா நடந்து வருவாள். கூடத்துப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் அங்கேயே பாருங்கள். இந்தக் கதையின் கடைசி வரி அங்கேதான் இருக்கிறது. என்னிடம் இருப்பது அதில் பாதிதான்:

துணி விலகியது; அக்கா தன்