கூடுதல் குழாய்

எங்கள் ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியனுக்கு நாங்கள் வைத்த பெயர் சந்தேக அக்கா. எந்த ரத்தம் வந்தாலும் அவருக்கு ஒரு சோதனைக் குழாய் போதாது. நொதி வேலை செய்யத் தேவையான பொருளைச் சேர்க்காமல், அதே ரத்தத்தில் கூடுதலாக இன்னொரு குழாயும் வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் குழாய் ஒருநாளும் நிறம் மாறியதில்லை. வெட்டி வேலை என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அன்று வந்தது என் தங்கை மகனின் ரத்தம். மூன்று மாதப் பிள்ளை, இரண்டு வாரமாக வலிப்பு. ஏதோ ஒரு நொதி இல்லையோ என்று டாக்டருக்குச் சந்தேகம். கவனிக்காமல் விட்டால் காது போகும், கண் போகும். கண்டுபிடித்துவிட்டால் தினமும் ஒரு வைட்டமின், அவ்வளவுதான் வைத்தியம்.

நொதி இருந்தால் குழாய் ஊதாவாகும். ஆனது, நல்ல அழுத்தமான ஊதா. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கருவியில் வைத்து அளக்கக்கூட இல்லை. தங்கைக்கு போன் போட்டு, நொதி நிறைய இருக்கிறது, நிம்மதியாக இரு என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்தால் அக்கா கூடுதல் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் ஊதா.

"பிள்ளைக்கு என்ன மருந்து குடுக்குறாங்க?"

காய்ச்சலுக்கு ஒரு ஆன்டிபயாடிக் என்றேன். பொருளே சேர்க்காத குழாயும் ஊதா என்றால் நிறம் நொதியால் வரவில்லை, அந்த மருந்தால் வந்தது என்றார். இரண்டையும் கருவியில் அளந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை, நொதியே இல்லை. அந்தக் குழாய் மட்டும் இல்லாவிட்டால் என் மருமகனை நானே செவிடாக்கியிருப்பேன்.

டாக்டரிடம் அக்காவே பேசினார். வைட்டமினை இன்றே ஆரம்பிக்கலாம், மருந்தை மாற்றிவிட்டு மறுபடி ரத்தம் எடுத்து உறுதி செய்துகொள்ளலாம் என்றாராம் டாக்டர். தங்கைக்கு நான்தான் சொல்ல வேண்டும். அவசரக்குடுக்கைத்தனம் பண்ணிவிட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று பார்த்தேன். காது ஏற்கெனவே போயிருக்குமோ என்று மட்டும் கேட்டாள். பிறகு அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்; ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

பேச முடியாமல் அழுதாள். கூடவே பிள்ளையும் வீறிட்டது.

"அழாதீங்கம்மா," என்றார் அக்கா. "அவன்கிட்ட ஏதாவது பேசுங்க, பாப்போம்."

"கண்ணு, அம்மா இங்கதான்டா இருக்கேன்."

வீறிடல் நின்றது.

"கேக்குதும்மா அவனுக்கு," என்றார் அக்கா.

அவர் காலில் விழலாம் போலிருந்தது. அடுத்து வந்த ரத்தத்துக்கு நானே இரண்டு குழாய் எடுத்து வைத்தேன்.