மாப்பிள்ளை எழுதிய பகுதிகள்

'ஒத்தை' என்ற அந்த மென்பொருளைப் பதினோராயிரம் பேர் பயன்படுத்தினார்கள். கணினியில் ஒரே புகைப்படம் நாலு இடத்தில் கிடந்தால், மூன்றைத் தூக்கி எறிந்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து அதன் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். எழுதியவர்கள் இரண்டே பேர்: அவளுடைய புருஷனும் அவளுடைய அண்ணனும். நிரல் எழுத இரண்டு பேருக்கும் தெரியும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மனுஷனுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி எழுதத் தெரியாது. கேட்டால் அண்ணன், நிரலைப் படித்தாலே புரியுமே என்பான். கல்யாண ஆல்பத்தைத் தொலைத்துவிட்டுக் கதறுகிறவனிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கதறல்களெல்லாம் அவள் தலையில்தான் விடிந்தன. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரக் கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்பது அவள் வேலை. நாள் முழுக்க யார் யாருக்கோ ஃபில்டரைக் கழற்றச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், 'ஒத்தை'யின் பயனர்கள் மின்னஞ்சலில் வரிசை கட்டி நிற்பார்கள். உனக்குத்தான் பொறுமை அதிகம் என்று இரண்டு பேரும் ஐஸ் வைத்து அந்த வேலையை அவளிடம் தள்ளி நாலு வருஷம் ஆகிவிட்டது. ஒரே கேள்விக்கு அறுபதாவது முறையாகப் பதில் எழுதிய அன்று அந்தப் பொறுமை தீர்ந்தது. நானே ஒரு விளக்கத் தளம் கட்டிக்கொள்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் குறுக்கே வராமல் இருந்தால் போதும் என்று அறிவித்தாள். குறுக்கே வருவதென்றால் எழுந்து வர வேண்டுமே. ஒருவரும் வரவில்லை.

இரண்டு மாதம் எழுதினாள். ஃபோனில் பேசுகிற மாதிரியே எழுதினாள். 'முதலில் படங்களுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். எடுத்தாயிற்றா? பொய் சொல்லாதீர்கள், போய் எடுங்கள்.' நிறுவுவது, இயக்குவது, தப்பாக அழித்துவிட்டால் மீட்பது எல்லாம் ஆயிற்று. நிரலின் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று விளக்கும் பக்கங்கள்தான் மிச்சம். அதற்கு ஒரு கருவி இருந்தது. நிரலுக்கு நடுவே எழுதியவர்கள் போட்டுவைத்த குறிப்புகளைத் தானே பொறுக்கியெடுத்துப் பக்கமாக்கிவிடும். 'உள்குறிப்புகளையும் சேர்க்கவா?' என்று ஒரு கட்டம் கேட்டது. இரண்டு பேரும் எழுதுவதே அபூர்வம், எழுதியதை ஏன் வீணாக்க வேண்டும் என்று அவள் டிக் அடித்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தளம் வெளியானது. புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டடக் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறவன் அவன். பதினைந்து வருஷமாக மற்றவர்கள் சொல்கிற இடத்தில் சுவரும் ஜன்னலும் போட்டுக்கொண்டிருந்தான். கழிப்பறையை எங்கே வைக்கலாம் என்றுகூட அவனை யாரும் கேட்டதில்லை. 'ஒத்தை' ஒன்றில்தான் 'உருவாக்கியவர்' என்று அவன் பெயர் முதலில் வரும். தளத்தின் இணைப்பை அலுவலகக் குழுவில், மேலாளர் உட்பட அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டு, முடி வெட்டிக்கொள்ளப் போனான்.

அவன் போய் அரை மணி நேரத்தில் ஒரு பயனரின் மின்னஞ்சல் வந்தது. 'தளம் பிரமாதம். அந்த மாப்பிள்ளைதான் பாவம்.'

எந்த மாப்பிள்ளை என்று அவளுக்குப் புரியவில்லை. நிரல் விளக்கப் பக்கங்களைத் திறந்தாள். படங்களை ஒப்பிடும் பகுதிக்குக் கீழே அழகான எழுத்தில் இருந்தது: 'மாப்பிள்ளை எழுதியது. கணக்கு மொத்தமும் தப்பு. மாத்தி எழுதிட்டேன். அவர்கிட்ட சொல்ல வேண்டாம்.' அடுத்த பக்கத்தில்: 'இதுவும் மாப்பிள்ளை. கடவுளே.' அதற்கடுத்ததில்: 'மாப்பிள்ளை எழுதினதுல இது ஒண்ணுதான் நல்லா வந்திருக்கு. ஆனா இது எங்கயும் பயன்படலை.' எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது இருந்தன.

ஆறு வருஷமாகப் புருஷன் எழுதியதையெல்லாம் அண்ணன் சத்தமில்லாமல் அழித்து, தான் எழுதி வைத்திருக்கிறான். எல்லாம் ஊரே பார்க்கும்படி திறந்துதான் கிடந்தது, அதனாலேயே ஒருவரும் பார்க்கவில்லை. புருஷனோ எழுதி முடித்ததைத் திரும்பிப் பார்க்கிற ரகமே இல்லை. இப்போது அவன் வேலை செய்கிற இடம் முழுக்க அதைப் படித்துக்கொண்டிருக்கும். அனுப்பியவன் அவனேதான். டிக் அடித்தது அவள்.

டிக்கை எடுத்துவிட்டு மறுபடி வெளியிடக் கொடுத்தாள். தளம் மாற இருபது நிமிடம் ஆகும் என்றது கருவி. அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். அடுத்த தெருவிலிருந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவன், வந்ததும் வராததுமாக அந்த டிக்கை ஏன் போட்டாய் என்று அவள் மேலேயே பாய்ந்தான். அவள் விட்ட டோஸில் ஆள் அடங்கி நாற்காலியில் உட்கார்ந்தான். கிண்டல் பண்ண எழுதவில்லை, எங்கே கை வைத்தோம் என்று மறந்துவிடும் என்றுதான் எழுதிவைத்தேன் என்று முனகினான். 'கடவுளே' என்பதை எதற்காக எழுதிவைத்தாய் என்று கேட்டாள்.

அப்போதுதான் புருஷன் உள்ளே வந்தான். கழுத்திலும் காதிலும் வெட்டிய முடி ஒட்டியிருந்தது. கையில் ஃபோன். சலூன் நாற்காலியில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தபோதே படித்துவிட்டான் என்று அவளுக்கு முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"ஆஃபீஸ்ல யாரு அந்த மாப்பிள்ளைன்னு கேட்டாங்க," என்றான். "நான்தான்னு சொல்லிட்டேன்."

அண்ணன் எழுந்து நின்று, மாப்பிள்ளை, அது வந்து, என்று ஆரம்பித்தான். புருஷன் சிரித்தபடி அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"விடுங்க மச்சான். நீங்க மாத்துறது எனக்கு ரெண்டாவது வருஷமே தெரியும்."

"தெரியுமா?"

"இதை எழுதிக் குடுங்கன்னு கேட்டா நீங்க எழுதற ஆளா? எட்டு மாசம் இழுப்பீங்க. அதே இடத்துல நான் ஒண்ணை அரைகுறையா எழுதி வெச்சா, ஒரே வாரத்துல திருத்திடுவீங்க. அதான் தப்புத் தப்பா எழுதி வெச்சேன்."

அண்ணனின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறு வருஷமாகப் பெரிய மனசு பண்ணி ஒருவனைக் காப்பாற்றி வருவதாக நினைத்திருந்தான். அவனையே மாடு மாதிரி ஏரில் பூட்டி ஓட்டியிருக்கிறார்கள். மெல்லத் தங்கையின் பக்கம் திரும்பினான்.

"உனக்கும் இது தெரியுமா?"

அவளுக்கு நன்றாகத் தெரியும், அது பச்சைப் பொய் என்று. அந்த ஒப்பீட்டுக் கணக்குக்காகப் புருஷன் மூன்று வாரம் சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதத்தைப் பரப்பிவைத்து மல்லுக்கட்டினான். இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். முடிந்த அன்று, வந்துடுச்சு, வந்துடுச்சு என்று அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டிச் சொன்னான். வேண்டுமென்றே தப்பாக எழுதுகிறவன் அப்படிக் கதவைத் தட்ட மாட்டான்.

"தெரியாம என்ன," என்றாள். "ஒவ்வொண்ணா நீ திருத்தத் திருத்த நாங்க ரெண்டு பேரும் உக்காந்து சிரிப்போம்."

அண்ணன் நம்பிவிட்டான். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பிறகு, அவள் பிறந்ததிலிருந்து அவன் வாயில் கேட்டிராத வார்த்தையைச் சொன்னான்.

"மன்னிச்சுடுங்க மாப்பிள்ளை."

அண்ணன் கிளம்பித் தெருமுனை திரும்புகிற வரை புருஷன் ஜன்னலில் நின்று பார்த்தான். பிறகு திரும்பி, நம்பிவிட்டாரா என்று கேட்டான். நம்பிவிட்டான் என்றாள். புருஷன் முகத்திலிருந்த சிரிப்பு அதற்கப்புறம்தான் இறங்கியது. டிக்கைப் போட்டதற்கு அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவன் கேட்கிற நிலையில் இல்லை, சட்டைக் காலரிலிருந்து முடியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"தளத்துல எடுத்தாச்சு, சரி. அந்தப் பழைய பக்கமெல்லாம் உன் கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல?"

"இருக்கு. எதுக்கு?"

"முதல்லேர்ந்து திற. எங்க தப்பு விட்டேன்னு பாக்கணும்."

அவள் திறந்தாள். அவன் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். பழைய பதிப்பில் தான் எழுதியிருந்ததையும் அண்ணன் எழுதியதையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தான். முதல் குறிப்புக்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில், "தப்புதான்," என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்ததைத் திறக்கச் சொன்னான்.