வராமல் போன எட்டுத் தேதிகள்

2009ஆம் ஆண்டு மார்ச் முப்பத்தொன்றாம் தேதி கருங்கல்வலசில் ஒன்பது நாள் நீடித்தது. ஒன்பது முறை பொழுது விடிந்தது, ஒன்பது முறை அடைந்தது, தேதி மட்டும் நகரவில்லை. தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கப்போனால் ஆணியோடு காலண்டரே கையில் வந்தது. முட்டை மண்டிப் பலகையில் இரண்டு ரூபாய் பதினைந்து காசை அழித்து வேறு விலை எழுதினால் சாக்பீஸ் வழுக்கியது. பழைய சோறு புளிக்கவில்லை. சங்ககிரியிலிருந்து லோடு ஏற்றிவந்த டிரைவர்கள் ஊர் எல்லையில் வண்டியை ஓரங்கட்டி, வெளியே ஏப்ரல் ஆறு, உள்ளே மார்ச் முப்பத்தொன்று என்று எழுதி வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பத்தாம் நாள் காலையில் நேரே ஏப்ரல் ஒன்பது பிறந்தது. இடையிலிருந்த எட்டுத் தேதிகள் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தகவலும் இல்லை.

இதற்குக் காரணம் எங்கள் சார்நிலைக் கருவூலம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் பட்டியல் போட்டு எடுக்காத பணம் அரசாங்கத்துக்கே திரும்பிவிடும் என்பதால், அன்றைக்கு இருக்கிற அலுவலகம் எல்லாம் கருவூலத்து வாசலில்தான் நிற்கும். அலுவலராக இருந்த குணசீலன் யாரையும் இல்லை என்று திருப்பி அனுப்பத் தெரியாத மனிதர். தேதி சீலின் ரப்பர் பட்டையைத் திருப்பாமல் அப்படியே இரட்டைப் பூட்டு போட்ட பெட்டக அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். கடைசிப் பட்டியல் பாஸாகும் வரை அது மார்ச் முப்பத்தொன்றுதான். மற்ற ஊர்களிலும் இப்படிச் செய்வதுண்டு என்று சொல்வார்கள், ஆனால் அங்கெல்லாம் காகிதத்தில்தான் தேதி நின்றது. எங்கள் ஊர் சீலுக்கு மட்டும் ஏனோ அந்த வலு இருந்தது. 1987இல் தொடங்கி 2018இல் அவர் ஓய்வு பெறும் வரை இப்படி நின்ற நாட்கள் மொத்தம் நூற்றறுபத்து மூன்று.

2009 தேர்தல் வருடம், பட்டியல்கள் கட்டுக்கட்டாக வந்து குவிந்தன. அப்போது இளநிலை உதவியாளராக இருந்த சாரதாமணி, ஜலகண்டாபுரத்துப் பெண், நிறைமாத வயிற்றோடு அவற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் நாள் மதியம் வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக அகப்பட்டது ஒரு முட்டை வேன்தான். பிறந்த பெண்ணுக்கு மோனிஷா என்று பெயர் வைத்தார்கள். பிறப்புச் சான்றிதழில் மார்ச் முப்பத்தொன்று என்று இருக்கிறது. தகப்பன் குழந்தைவேல் லாரி டிரைவர், அன்றைக்குக் குவஹாத்தியில் இருந்தான். அவன் கணக்குக்கு மகள் பிறந்தது ஏப்ரல் ஆறு. புருஷனும் பெண்டாட்டியும் வருடாவருடம் இதை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாளும் கேக் வெட்டினார்கள்.

பிறகு அரசாங்கத்தின் வரவு செலவு, சம்பளம், பென்ஷன், விடுப்பு எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டுகிற ஒருங்கிணைந்த கணினித் திட்டம் வந்தது. பெட்டக அறையைக் காலி செய்து பேட்டரிகளை அடுக்கினார்கள். குணசீலனின் சீலைக் கழிவுப் பொருள் பட்டியலில் சேர்த்து ஏலம் விட்டார்கள். அதன் பின் தேதி சென்னையிலிருந்து ஒயர் வழியாக வந்தது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. பென்ஷன்காரர்கள் வாசலில் காத்துக் கிடப்பது நின்றது, பட்டியலைத் தூக்கிக்கொண்டு அலைவதும் நின்றது. ஆனால் அந்தக் கணினி பழசை எல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறது, அதுதான் யாருக்கும் தெரியவில்லை.

2025 மே மாதக் கடைசியில், கணக்கராக உயர்ந்திருந்த சாரதாமணியின் திரையில், சம்பளப் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி ஒட்டிக்கொண்டு வந்தது. தாலுகா வேறுபாடு நூற்றறுபத்து மூன்று நாள், முதல் தவணை நேர்செய்ய ஒப்புதல் தருக என்றது. அவள் படிக்காமலே சரி என்பதை அழுத்தினாள். யார்தான் படிக்கிறார்கள்! மறுநாள் காலை, 1987இல் அந்தக் கூடுதல் நாட்களில் வெட்டிய பொதுக்கிணறு இருந்த இடத்தில் கிணறு இல்லை, நன்றாக வளர்ந்த சோளம் நின்றது. அதே நாட்களில் தாலி கட்டிய ஒரு தம்பதி விழித்தெழுந்து, ஒருவரை ஒருவர் யாரென்று கேட்டுக் கூச்சப்பட்டு ஆளுக்கொரு அறைக்குப் போனார்கள். அதையும் ஊர் கேலி பேசிச் சிரித்தது.

ஜூன் மாதத் தவணைக்கு அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. 1996இல் அப்படியொரு நாளில் பிறந்த பச்சமுத்து, முட்டை மண்டியில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன், இல்லாமல் போனான். செருப்பு இருந்தது, பாதி குடித்த டீ இருந்தது. விஷயம் கேள்விப்பட்டு சாரதாமணி அவன் வீட்டுக்கு ஓடினாள். அவன் தாய் மாரக்காள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு ரெண்டே பசங்க சாமி. இந்த மூணாவது வட்டலை எதுக்கு வெச்சேன்னுதான் தெரீல" என்று தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊரில் அத்தனை பேருக்கும் அவனை ஞாபகம் இருந்தது, பெற்றவளுக்கு மட்டும் இல்லை. சாரதாமணி வெளியே வந்து சாக்கடை ஓரமாக உட்கார்ந்து அழுதாள். அழுத்தியது அவள் விரல்தானே.

அடுத்த தவணை ஜூலை முப்பத்தொன்று, அதில் மோனிஷா பிறந்த 2009 இருந்தது. அழுத்தாமல் விட்டால் மூவாயிரத்துச் சொச்சம் பேருக்குப் பென்ஷன் நிற்கும், அதோடு ஐந்தாம் நாள் அது தானாகவே அழுத்திக்கொள்ளும். உதவி எண்ணுக்குப் பதினோரு முறை பேசினாள். புகாருக்கு எண் கொடுத்தார்கள். குணசீலனைத் தேடிப் போனாள். அவர் எழுபதை நெருங்கியும் அதே மனிதர்தான், கேட்டதும் ஓவென்று அழுதுவிட்டார். "நாந்தானம்மா நிறுத்துனது. என்ற நாளை எடுத்துக்கச் சொல்லு, எத்தன வேணுமோ எடுத்துக்கட்டும்" என்றார். அப்படியே அவர் பெயரைப் போட்டுப் பார்த்தாள். ஓய்வு பெற்றவர், விடுப்பு இருப்பு இல்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதில்தான் அவளுக்கு வழி காட்டியது. எடுக்காத விடுப்பு நாளை அரசாங்கம் பணமாக மாற்றும், சரண்டர் என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் உழைத்துச் சேர்த்த ஈட்டிய விடுப்பு அவளுக்கு இருநூற்று நாற்பது நாள் இருந்தது. அதைக் காசாக்கி மகளை எங்கேயாவது நல்ல கல்லூரியில் சேர்க்க வைத்திருந்தாள். எட்டு நாளுக்கு எட்டு நாள் என்று விண்ணப்பித்தாள். கணினி பதினாறு வருடத்துக்குத் தண்டவட்டி போட்டு இருநூற்று நாற்பத்தொரு நாள் என்றது. எந்தக் கந்துவட்டிக்காரனுக்கும் இந்த நெஞ்சழுத்தம் வராது. இருப்பதை எடுத்துக்கொள் என்று மொத்தத்தையும் எழுதிக் கொடுத்தாள்.

ஜூலை முப்பத்தொன்று காலையில் கேஸ் புக் செய்கிற நம்பர், பால்காரர் பாக்கி, தகப்பனுக்கு ஆகாத மாத்திரை எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மோனிஷாவிடம் கொடுத்தாள். நடப்பதை மறைக்கவில்லை. "நீ வாரதுக்குள்ள நான் உன்னை மறந்துட்டன்னா?" என்று மகள் கேட்டாள். "நீ மறக்க மாட்டே சாமி. மறக்கறதுன்னா அது நானாத்தான் இருக்கும். அதுக்குத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நடந்தாள். மாலை நான்கரைக்கு அழுத்தினாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, நாற்காலியில் ஆள் இல்லை. மோனிஷா பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தாள்.

இருநூற்று நாற்பது நாள் சாரதாமணியை யாரும் பார்க்கவில்லை. ஈட்டிய விடுப்பு என்று வருகைப் பதிவில் இருந்தது, மாதக் கடைசியில் சம்பளம் ஒரு பைசா குறையாமல் ஏறியது. குழந்தைவேல் வடக்கு லைனை விட்டுவிட்டு நாமக்கல்லுக்குள்ளேயே முட்டை லோடு ஓட்டினான். மோனிஷா தாயின் ரவிக்கை அவளுக்குச் சரியாகிற அளவுக்கு வளர்ந்தாள். தினம் ராத்திரி மூன்று தட்டு வைத்தாள், மூன்றாவது யாருக்கு என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். எதிர்வீட்டில் இருக்கிற எங்களுக்கு அது கேட்கும். கேட்டுவிட்டுச் சாப்பிட முடியாமல் எழுந்துவிடுவோம்.

இந்த வருடம் மார்ச் இருபத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை. வருடக் கடைசி என்பதால் கருவூலம் திறந்திருந்தது. காலை பத்து மணிக்கு சாரதாமணி அதே நாற்காலியில், அதே சேலையில் உட்கார்ந்திருந்தாள். "நாலரை ஆயிருச்சுங்களா? ஊட்டுக்குக் கெளம்பணும்" என்றாள். டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த தயிர் சோறு புளிக்கவே இல்லை. ஓடி வந்து வாசலில் நின்ற மகளைப் பார்த்ததும், "ஏஞ்சாமி, என்ற ரவிக்கையப் போட்டிருக்கறே?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை அழுத அழுகை இருக்கிறதே, கருவூலத்துக் காவல் போலீஸ்காரர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரையில் மட்டும் ஒரு வரி நின்றது. மீதம் ஒரு நாள். பயனாளியிடமிருந்து பிடித்தம் செய்யப்படும். தேதி பின்னர் தெரிவிக்கப்படும்.

பயனாளி யாரென்று யாரும் கேட்கவில்லை, மோனிஷாதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஜூலை ஒன்றாம் தேதி சாரதாமணியின் கணக்கில் புதிதாக விடுப்பு வரவு வைப்பார்கள், அன்றைக்கே அந்த ஒரு நாளைக் கட்டிவிடலாம். அதற்குள் அந்தத் தேதி தெரிவிக்கப்படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தினசரி காலண்டருக்கு மேலே சுவரில், கறுப்பு மையால், "மோனிஷா என்று கூப்பிட வேண்டும்" என்று சாரதாமணி பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள். தினமும் விடிந்ததும் அதைப் பார்த்து வாசித்துவிட்டுக் கூப்பிடுகிறாள். "இருக்கறேம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் தாளைக் கிழிக்கிறாள். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் எங்கள் தெருவில் அடுப்புப் பற்றவைக்கிறோம்.

இன்று ஜூன் பன்னிரண்டு. குரல் வந்தது, தாளும் கிழிந்தது. முட்டை விலை ஐந்து ரூபாய் பத்துக் காசு.